சிகாகோவின் போலந்துப் பத்திரிகைகளுக்கு அமைந்த சுட்டி: ஒரு நிகழ்வு ஆய்வு

1904-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் சிகாகோவின் ஹம்போல்ட் பூங்காவில் ததேயுஷ் கொஷ்சியுஷ்கோவின் குதிரைச் சிலை திறந்துவைக்கப்பட்டது. அமெரிக்க விடுதலைப் போரில் பொறியாளராகப் பணியாற்றியவர் அவர். ஊர் திரும்பி 1794-இல் போலந்து எழுச்சிக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அந்தத் திறப்பு விழாவைப் பற்றி அக்கால போலிஷ் மொழிப் பத்திரிகை ஒன்றில் வந்த செய்தியைச் சுட்டியில், அதாவது எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று காட்டும் பட்டியலில், எங்கே சேர்ப்பது? தலைவரின் பெயரிலா, நினைவுச் சின்னங்கள் என்ற தலைப்பிலா, சிலைக்குப் பணம் திரட்டிய சங்கங்களின் கீழா, தாய்நாட்டுடன் குடியேறிகள் வைத்திருந்த உறவின் கீழா, அல்லது பூங்காவின் பெயரிலா? கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் புலம்பெயர்ந்த ஒரு சமூகத்தைப் பற்றிய எழுத்துகளுக்குச் சுட்டி தயாரிக்க உட்கார்ந்தவர் எவரும் முதல் நாளிலேயே மோதிக்கொள்ளும் கேள்வி இதுதான். இதற்குக் கிடைத்த விடைகளில் விரிவானதும், அதனாலேயே குறைகள் வெளிப்படையாகத் தெரிவதுமான ஒன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

பெரும் பொருளாதார மந்தத்தின்போது வேலையில்லாதவர்களுக்கு வேலை தருவதற்காக அமெரிக்க அரசு 1935-இல் தொடங்கிய பணித் திட்டத்தின் ஒரு கிளையாக, சிகாகோவின் பிறமொழிப் பத்திரிகைகளை ஆய்ந்து மொழிபெயர்க்கும் பணி 1936-இல் தொடங்கி 1941 வரை நடந்தது. சிகாகோ பொது நூலகத்தின் பெயரோடு இணைந்து நடந்த இத்திட்டம், 1855 முதல் 1938 வரை அந்நகரின் 22 மொழிச் சமூகங்களின் பத்திரிகைகளில் வந்த செய்திகளிலிருந்து தேர்ந்தெடுத்தவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து, வகைப்படுத்தி, ஏறத்தாழ 1,20,000 தட்டச்சுப் பக்கங்களாக 1942-இல் வெளியிட்டது. அந்தத் தொகுப்பு பின்னர் நுண்படமாகி (மைக்ரோஃபில்ம்), இப்போது சிகாகோவின் நியூபெரி நூலகத்தின் முயற்சியால் இணையத்தில் தேடிப் படிக்கும் வடிவில் கிடைக்கிறது. போலந்தியருக்கான பகுதி அதன் பெரிய பகுதிகளுள் ஒன்று.

ஒரு தாளை எடுத்துப் பார்த்தால் அமைப்பு எளிதில் விளங்கும். ஓரத்தில் சமூகத்தின் பெயர்; அதன் அருகே ரோம எண்ணும் எழுத்துகளும் கலந்த வகைக் குறியீடு; பிறகு பத்திரிகையின் பெயரும் தேதியும்; கீழே ஆங்கிலத்தில் செய்தி. ஒரே செய்திக்கு இரண்டு மூன்று குறியீடுகள் இருப்பதும் உண்டு. எந்தப் பத்திரிகை, எந்த நாள் என்பதை ஒவ்வொரு தாளிலும் தவறாமல் பொறித்தார்கள். இந்த ஒரு ஒழுங்கு இல்லாதிருந்தால் இன்று அந்தத் தாள்களுக்கு மதிப்பு பாதிகூட இருந்திருக்காது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

குறியீடுகளுக்குப் பின்னால் இருந்த வகைப்பாட்டுத் திட்டம் மூன்று பெரிய பகுதிகளைத் தாங்கி நின்றது. முதலாவது, மனப்பாங்குகள்: கல்வி, ஒழுக்க வழக்கங்கள், பிற இனக் குழுக்கள், அரசியல், போர், பெண்களின் நிலை முதலியன குறித்துச் சமூகம் என்ன நினைத்தது என்பது. இரண்டாவது, பங்களிப்புகளும் செயல்பாடுகளும்: தொழில், கலை, நினைவுச் சின்னங்கள், தரும அமைப்புகள், குற்றங்கள். மூன்றாவது, கலந்துபோதல்: தனித்து வாழ்தல், தேசியச் சங்கங்கள், தேசியத் திருச்சபைகள், குடியேற்றம், தாய்நாட்டு உறவு. வகுத்தவர்களின் மனத்தில் எந்தக் கேள்வி இருந்தது என்பதை இந்த மூன்றாம் பகுதியின் பெயரே காட்டிக்கொடுக்கிறது. வந்தவர்கள் எவ்வளவு விரைவில் அமெரிக்கராவார்கள் என்பதுதான் அந்தக் கேள்வி. போலந்தியர் தங்கள் பத்திரிகையைத் திறந்தபோது அவர்கள் மனத்தில் அந்தக் கேள்வி முதலாவதாக இருந்திருக்க வாய்ப்பில்லை. 1918 வரை அவர்களுக்குத் தாய்நாடு என்று வரைபடத்தில் ஒரு நாடே இல்லை. அது எப்போது திரும்பக் கிடைக்கும் என்பதுதான் அவர்களது கேள்வி.

இதனால் விளைந்த இடர்ப்பாட்டைப் போலந்து தேசியக் கூட்டணியை வைத்துப் பார்க்கலாம். 1880-இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கி, பின்னர் சிகாகோவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்த அமைப்பு, ஒரே நேரத்தில் மூன்று வேலைகளைச் செய்தது. உறுப்பினரிடம் சந்தா வாங்கி, அவர் இறந்தால் குடும்பத்துக்குக் காப்பீட்டுத் தொகை கொடுத்தது. போலந்து விடுதலைக்காகக் குரல் கொடுத்தது. 1881 முதல் ‘ஸ்கோடா’ என்ற இதழையும், 1908 முதல் ‘ஜென்னிக் ஸ்வியோன்ஸ்கோவி’ என்ற நாளிதழையும் நடத்தியது. ஒரு கிளையின் மாலைக் கூட்டத்தில் சந்தா வசூலாகும், ஒரு விதவைக்குரிய தொகை தீர்மானமாகும், போலந்தின் 1791-ஆம் ஆண்டு மே 3 அரசியலமைப்பின் நினைவு விழாவுக்கு ஊர்வல ஏற்பாடும் நடக்கும். திட்டமோ, தரும அமைப்புகளை இரண்டாம் பகுதியிலும் தேசியச் சங்கங்களை மூன்றாம் பகுதியிலும் வைத்தது. ஆக, ஒரே கூட்டம் ஒரு தாளில் தரும வேலையாகவும் இன்னொரு தாளில் கலந்துபோதலுக்குத் தடையாகவோ துணையாகவோ எண்ணப்படும் தேசிய வேலையாகவும் பிரிந்து நிற்கிறது. அமைப்பின் பெயரில் நேரடியாக ஒரு தலைப்பு இருந்து, அங்கிருந்து இரு பகுதிகளுக்கும் ‘மேலும் காண்க’ என்று வழிகாட்டியிருந்தால் இந்தச் சிதறல் நேர்ந்திருக்காது. பொருள்வகைச் சுட்டிக்குப் பக்கத்தில் பெயர்ச் சுட்டி ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று சுட்டி தயாரிப்பதில் மூத்தவர்கள் அடித்துச் சொல்வது வெறும் பழக்கத்தால் அன்று.

பெண்கள் அமைப்பின் நிலை இதைவிடச் சிக்கலானது. தையல்காரரான ஸ்டெஃபானியா ஹ்மியெலின்ஸ்கா முன்னின்று 1898-இல் சிகாகோவில் தொடங்கிய போலந்துப் பெண்கள் கூட்டணி, ஆண்கள் நடத்திய சங்கங்களைப் போலவே காப்பீடு தந்தது, தேசிய வேலை செய்தது, ‘க்வோஸ் போலெக்’ என்ற பத்திரிகையும் வெளியிட்டது. பெண்களின் நிலை என்பதற்குத் திட்டத்தில் இடம் இருந்தது, ஆனால் அது மனப்பாங்குகள் என்ற முதல் பகுதியில் இருந்தது. பெண்களைப் பற்றி மற்றவர் என்ன நினைத்தார்கள் என்பதையும் பெண்கள் தாங்களே என்ன செய்தார்கள் என்பதையும் ஒரே அறையில் அடைப்பதற்கு இது வழிசெய்கிறது. தலைப்பை வைத்துத் தேடுபவருக்கு அவர்கள் கருத்துப் பொருளாகத் தெரிவார்களே ஒழிய அமைப்பாளர்களாகத் தெரிய மாட்டார்கள்.

சமய விவகாரத்துக்கு வருவோம். சிகாகோவின் முதல் போலந்துப் பங்கு (ஒரு கோயிலையும் அதன் குருவையும் சார்ந்த கத்தோலிக்கச் சமூகம்), 1867-இல் தோன்றிய புனித ஸ்டானிஸ்லாவ் கோஸ்ட்கா பங்கு. மறுஉயிர்ப்புச் சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்த வின்சென்டி பஜின்ஸ்கி அடிகளார் 1874 முதல் 1899 வரை அதன் பங்குக் குருவாக இருந்தார். அங்கிருந்து சில தெருக்கள் தள்ளியே தூய மூவொரு இறைவன் பங்கு இருந்தது. கோயிலின் நிர்வாகம் யார் கையில் என்பதில் இரு தரப்புக்கும் நெடுங்காலம் ஓயாத பூசல். முதல் தரப்பின் குரலாக 1890-இல் ‘ஜென்னிக் சிகாகோஸ்கி’ நாளிதழ் வந்தது. இரண்டாம் தரப்பு தேசியக் கூட்டணியோடு நெருங்கி நின்றது. ஒரே நிகழ்ச்சியை ஒரு பத்திரிகை பக்தி விழாவாக எழுதும், மற்றொன்று அத்துமீறலாக எழுதும். செய்தி எந்தப் பத்திரிகையிலிருந்து வந்தது என்பதைத் தாளின் தலையிலேயே பொறித்ததன் பயன் இங்கேதான் விளங்குகிறது. அந்தப் பெயர் இல்லாவிட்டால் ஒரு தரப்பின் குற்றச்சாட்டு வரலாற்று உண்மையாக மாறிவிடும்.

ஆனால் தலைப்பின் சொல்லாட்சியில் இந்தக் கவனம் தொடரவில்லை. திட்டத்தின் மூன்றாம் பகுதியில் உள்ள உட்தலைப்பு ‘தேசியத் திருச்சபைகளும் பிரிவினைக் குழுக்களும்’ என்ற பொருள் தருவது. 1890-களில் ரோமின் அதிகாரத்திலிருந்து விலகிய போலந்தியர் தங்களைத் திருச்சபை என்றே அழைத்துக்கொண்டார்கள். அவர்களைப் பிரிவினைக் குழு என்றது எதிர்த்தரப்பு. சுட்டிக்குள் ஒரு தரப்பின் சொல் குடியேறிவிட்டால் அதை வெளியேற்றுவது கடினம், ஏனென்றால் சுட்டியை யாரும் கட்டுரையைப் போல ஐயத்தோடு படிப்பதில்லை. சமூகம் தன்னைத்தானே அழைத்த பெயரைத் தலைப்பாக வைத்து, மற்றவர் வைத்த பெயரிலிருந்து ‘காண்க’ என்று திருப்பிவிடுவதே இதற்கு நான் பரிந்துரைக்கும் வழி.

இடப்பெயர்களில் இந்த வழியின் அருமை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. சிகாகோவின் போலந்தியர் தங்கள் குடியிருப்புகளை நகராட்சி வைத்த பெயரால் அறிந்ததைவிடப் பங்கின் பெயரால்தான் அதிகம் அறிந்தார்கள். ஊர்ப்பெயருக்குச் சேர்க்கும் விகுதியை ஒட்டி, ஸ்டானிஸ்லாவ் பங்கைச் சுற்றிய தெருக்கள் ஸ்டானிஸ்லாவோவோ ஆயின. யாட்ஸெக் பங்கைச் சுற்றியவை யாட்ஸ்கோவோ. வோய்செக் பங்கைச் சுற்றியவை வோய்செகோவோ. இதில் பொறி என்னவென்றால், ஆங்கிலத்தில் யாட்ஸெக் புனிதர் ஹையசிந்த் ஆகிறார், வோய்செக் புனிதர் அடல்பர்ட் ஆகிறார். யாட்ஸ்கோவோ என்று எழுதிய போலிஷ் கட்டுரையும், புனித ஹையசிந்த் பங்கு என்று எழுதிய ஆங்கிலக் கட்டுரையும், ஏவண்டேல் என்று எழுதிய நகராட்சி அறிக்கையும் ஒரே தெருக்களைப் பற்றிப் பேசலாம். மூன்றிலும் பெயர் ஒன்றோடொன்று பொருந்தாது. எழுத்துச் சரத்தை வைத்துத் தேடும் எந்தக் கணினியும் இவற்றைத் தானாக ஒன்றுசேர்க்காது. அந்த ஊரில் சுற்றியவரோ, சுற்றியவரிடம் கேட்டறிந்தவரோ உட்கார்ந்து இணைத்தால்தான் உண்டு.

ஆட்பெயர்களுக்குப் போலிஷ் இலக்கணமே ஒரு தனி வேலை வைக்கிறது. தமிழில் வேற்றுமை உருபு பெயரின் பின்னால் ஒட்டுவதுபோல் போலிஷிலும் ஏழு வேற்றுமைகளுக்கு ஏற்பப் பெயரின் ஈறு மாறும். கோவால்ஸ்கி என்பவரைப் பற்றிய வரியில் கோவால்ஸ்கியேகோ என்றோ கோவால்ஸ்கியெமு என்றோ இருக்கும். அவர் மனைவி கோவால்ஸ்கா. நோவாக் என்பவரின் மனைவியைப் பழைய பத்திரிகைகள் நோவாகோவா என்றும் மணமாகாத மகளை நோவாகுவ்னா என்றும் எழுதும். ஆக, ஒரே குடும்பம் அச்சில் மூன்று குடும்பப் பெயர்களோடு நிற்கிறது. இதோடு அமெரிக்கப் பெயர் மாற்றமும் சேர்கிறது: ஸ்டானிஸ்லாவ் ஸ்டான்லி ஆவார், வோய்செக் ஆல்பர்ட் ஆவார். எழுத்து வரிசையிலும் ஒரு சிக்கல் உண்டு. குறுக்குக்கோடு இட்ட எல் என்பது போலிஷில் சாதாரண எல்லுக்குப் பின்வரும் தனி எழுத்து. நமக்கு லகரமும் ளகரமும் வேறு என்பதுபோல. வாலுள்ள ஏ, மேற்புள்ளியிட்ட இஸட் ஆகியவையும் அப்படியே. ஆங்கிலத் தட்டச்சுப் பொறியில் இவை இல்லாததால் சிகாகோ தாள்களில் குறிகள் உதிர்ந்தே கிடக்கின்றன, பத்திரிகைகளின் பெயர்கள் உட்பட. இன்று அந்தத் தாள்களில் தேடுபவர் குறியோடு தட்டினால் ஒன்றும் வராமல் போகலாம். மூலப் பத்திரிகையில் தேடுபவர் குறியில்லாமல் தட்டினாலும் அதே கதி.

இந்த இடத்தில் இதே பத்திரிகைகளுக்கு அமைந்த இன்னொரு சுட்டியை அருகில் வைத்துப் பார்ப்பது தெளிவு தரும். 1978-இல் சிகாகோவில் தோன்றிய போலந்து வமிசாவளிச் சங்கம், ‘ஜென்னிக் சிகாகோஸ்கி’ 1890 முதல் 1971-இல் நிற்கும்வரை வெளியிட்ட மரண அறிவிப்புகளுக்குப் பெயர்ச் சுட்டி தயாரித்தது. அரசுத் திட்டம் செய்தி அல்ல என்று தாண்டிச் சென்ற பகுதி அது. சமூகவியலார் கேட்காத கேள்வியைப் பேரப்பிள்ளைகள் கேட்டார்கள்: என் பாட்டி எந்தத் தேதியில் இறந்தார், அவர் யார் வீட்டுப் பெண்?

அந்த இரண்டாவது கேள்விக்கு மரண அறிவிப்பே விடை வைத்திருந்தது. இறந்தவர் பெயருக்கு முன்னால் ‘புனித நினைவுக்குரிய’ என்ற பொருள்படும் இரண்டெழுத்துச் சுருக்கம் வரும். மணமான பெண்ணானால் பெயருக்குப் பின் ‘ஸ் டோமு’ என்று எழுதி மற்றொரு குடும்பப் பெயரைத் தருவார்கள். அதன் நேர்ப்பொருள் ‘வீட்டிலிருந்து’ என்பது. நாம் பிறந்த வீடு என்று சொல்வதை ஒட்டி வருவது. சுட்டி தயாரிப்பவருக்கு இந்த இரு சொற்களும் பொன் போன்றவை. புகுந்த வீட்டுப் பெயரில் ஒரு பதிவும், பிறந்த வீட்டுப் பெயரில் ஒரு பதிவும் போட்டு ஒன்றையொன்று காட்டிவிட்டால், கடல் கடந்த ஒரு குடும்பத்தின் இரு கிளைகள் ஒரே வரியில் சந்திக்கின்றன. ஒரு பதிவோடு நின்றுவிட்டால் அந்தப் பெண்ணின் உடன்பிறந்தோர் பக்கத்து வமிசம் முழுவதும் தொலைந்துபோகும். 1,20,000 பக்கங்களில் சமூகத்தின் மனப்பாங்கை அளந்த பெரிய திட்டத்தால் தர முடியாததை, பெயரும் தேதியும் மட்டுமே உள்ள இந்த ஒல்லியான பட்டியல் தருகிறது. இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால் நான் பட்டியலின் பக்கம் கொஞ்சம் சாய்வேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இனி, எல்லை பற்றிய வினா. போலந்தியர் யார்? 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் நாட்டைப் பங்குபோட்டுக்கொண்டதால், முதல் உலகப் போருக்கு முன் வந்தவர்கள் காகிதத்தில் ரஷ்யராகவோ ஜெர்மானியராகவோ ஆஸ்திரியராகவோ பதிவானார்கள். அக்காலத்து அறிக்கைகளை நாட்டின் பெயரால் மட்டும் சுட்டினால் போலந்தியர் மூன்று இடங்களில் கரைந்துபோவார்கள். ஆஸ்திரியாவின் பங்காக இருந்த கலீசியாவைத் தலைப்பாக வைத்தால் அதே பெயருள்ள ஸ்பெயின் பகுதியோடு குழம்பும். கட்டாயம் அடைமொழி வேண்டும். யூதரைப் பற்றிய முடிவு இதைவிடக் கனமானது. சிகாகோ திட்டம் யூதருக்குத் தனிச் சமூகம் என்று இடம் கொடுத்தது. அவர்கள் தங்கள் பத்திரிகைகளைத் தனியே நடத்தினார்கள் என்பதால் அதில் நியாயம் உண்டு. ஆனால் போலந்தின் சிற்றூர் ஒன்றிலிருந்து புறப்பட்ட கத்தோலிக்கரும் யூதரும் சிகாகோவில் ஒரே வணிகத் தெருவில் வாங்கவும் விற்கவும் சந்தித்துக்கொண்டதை அறிய, இன்று ஆய்வாளர் இரண்டு சமூகங்களின் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புரட்ட வேண்டும். ‘பிற இனக் குழுக்கள்’ என்ற உட்பிரிவு மட்டுமே அவற்றுக்கிடையே பாலமாக இருக்கிறது. அந்தப் பாலத்தின் மேல் பெரும்பாலும் பூசல்தான் நடமாடுகிறது, ஏனென்றால் பத்திரிகை எழுதுவது பூசலைத்தான். அண்டைவீட்டு உறவு செய்தியாவதில்லை.

இலண்டனில் இயங்கிய போலந்து நூலகம் இதற்கு வேறுவிதமாக விடை கண்டது. 1939 செப்டம்பர் 1 முதல் போலந்துக்கு வெளியே வந்த நூல்களுக்கு, யானினா ஸபியெல்ஸ்கா முன்னின்று தொகுத்து 1953 முதல் அது வெளியிட்ட நூலடைவு, மக்களை வரையறுக்க முயலவில்லை. போலிஷ் மொழியில் இருக்க வேண்டும், அல்லது போலந்தைப் பற்றி இருக்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்று போதும். போர் தொடங்கிய நாளையே தொடக்க வரம்பாக வைத்ததில் ஒரு முழு அரசியல் நிலைப்பாடு அடங்கியிருக்கிறது. தாயகத்தில் தணிக்கை நிலவிய ஆண்டுகளில் வெளியே அச்சானவற்றுக்குக் கணக்கு வைப்பது அவர்களுக்குக் கடமையாகவே இருந்தது. அளவுகோல் தெளிவாக இருந்ததால் யாரைச் சேர்ப்பது என்ற தகராறு எழவில்லை. ஆனால் போலந்துக் குடியேறிகளைப் பற்றி, போலந்தைத் தொடாமல், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு தொழிற்சங்க வரலாறு அந்த வலையில் விழுமா என்பது தொகுப்பவரின் தாராள மனத்தைப் பொறுத்தது.

சிகாகோ தாள்களைப் பயன்படுத்துவோர் மறந்துவிடும் இன்னொன்று, அவை தேர்ந்தெடுத்தவை என்பது. எதை மொழிபெயர்ப்பது என்று முடிவுசெய்தவர்கள் கையில் மேற்சொன்ன வகைப்பாட்டுத் திட்டம் இருந்தது. திட்டத்தில் இடமுள்ள செய்தி கண்ணில் பட்டது, இடமில்லாதது நழுவியது. வழக்கமாகச் சுட்டி எழுத்துக்குப் பின்னால் வரும். இங்கே சுட்டியின் தலைப்புகள் முன்னால் நின்று எழுத்தைப் பொறுக்கி எடுத்தன. ஆகவே கலந்துபோதல் பற்றிய தாள்கள் நிறைய இருப்பதைக் கொண்டு பத்திரிகைகள் அதைப் பற்றியே பேசின என்று முடிவுகட்டுவது தவறு. ஆண்டுக்கு இத்தனை தாள்கள் என்று எண்ணி வரைபடம் போடுவோர், முதலில் மூலப் பத்திரிகையின் சில வாரத்து இதழ்களையாவது முழுமையாகப் புரட்டி, எத்தனையில் எத்தனை எடுக்கப்பட்டது என்று பார்த்துவிட்டு வருவது நல்லது.

இப்போது முழுப் பாடமும் தேடலுக்கு வந்துவிட்டதால் பழைய குறியீடுகள் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. குறியீடுகளை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பதே என் முடிவு, ஏனென்றால் 1930-களின் அமெரிக்கா குடியேறிகளை எப்படிப் பார்த்தது என்பதற்கு அவையே சான்று. அவற்றின் பக்கத்தில் புதிய அடுக்கு ஒன்றைச் சேர்க்கலாம்: பங்குகள், கிளைச் சங்கங்கள், ஆட்கள், குடியிருப்புகள் ஆகியவற்றுக்குப் போலிஷ் வடிவத்தைத் தலைப்பாகவும், ஆங்கில வடிவங்களையும் குறி உதிர்ந்த தட்டச்சு வடிவங்களையும் திருப்பிவிடும் பதிவுகளாகவும் கொண்ட ஓர் அடுக்கு. அப்படிச் செய்யும்போது கொஷ்சியுஷ்கோ சிலைக்கு ஐந்து பதிவுகள் தாராளமாகப் போடலாம். அவற்றில் ஒன்று இடத்துக்குரியது. அதில் இரண்டு இடங்கள் வரவேண்டும். அந்தச் சிலை 1978-இல் ஹம்போல்ட் பூங்காவிலிருந்து எடுக்கப்பட்டு, ஏரிக்கரையில் கோளரங்கத்துக்குப் போகும் வழியில் நிறுத்தப்பட்டுவிட்டது.